யாரும் சொல்லாத வாடை

நேர்காணலுக்கு முந்தின நாள் சாயங்காலம் அவர் தன் பத்து நகங்களுக்காக மட்டும் ஒரு மணி நேரம் செலவழித்தார். பத்தொன்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவரின் கை அது. இரும்புக் கயிற்றுக்குப் போடும் கிரீஸ் நகத்துக்கும் சதைக்கும் நடுவில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. வெந்நீரில் கையை ஊறவைத்தார். துணி சோப்பைத் தடவினார். பழைய பல் பிரஷ்ஷை எடுத்து ஒவ்வொரு விரலாகத் தேய்த்தார். கடைசியில் கட்டைவிரல் ஓரத்தில் மட்டும் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு நின்றது. அதையும் குண்டூசியால் கிளறி ரத்தம் பார்த்த பிறகுதான் எழுந்தார்.

வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ஸியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். நேர்காணலுக்குப் போகிறவர்கள் எப்படிப் போகவேண்டும் என்று வரிசையாக அச்சடித்திருந்தது. முடி, தாடி, நகம், சட்டைக் காலர், பெல்ட், சாக்ஸ், ஷூ. படித்துப் படித்து ஒவ்வொன்றாகப் பென்சிலால் டிக் போட்டார். மூக்கு முடியைக்கூட வெட்டிக்கொண்டார். 'பல் துலக்கவும்' என்ற இடத்தில் அவருக்குச் சிரிப்பே வந்தது. அவர் தினமும் ரெண்டு வேளை பல் தேய்க்கிற மனுஷன். சுத்தம் என்று வந்துவிட்டால் தன்னை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது அவர் எண்ணம்.

அவர் இருந்த லிஃப்ட் கம்பெனியை இன்னொரு பெரிய கம்பெனி வாங்கி, நாற்பது வயதைத் தாண்டினவர்களை எல்லாம் கைகுலுக்கி வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் ஆகியிருந்தது. அவருக்கு நாற்பத்தாறு. காலையில் மனைவி துணிக்கடை வேலைக்குப் போவாள், மகள் பள்ளிக்கூடம் போவாள், இவர் மட்டும் வாசல் கதவைச் சாத்திவிட்டு உள்ளே திரும்புவார். அது போதாதா ஒரு ஆம்பளையைச் சுருக்கிப்போட? அந்த நேரத்தில்தான் ஊரில் புதிதாகக் கட்டிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் சூப்பர்வைசர் வேலை இருப்பதாகத் தெரிந்தது. எட்டு லிஃப்ட். அவருக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி வேலை.

மறுநாள் பத்து மணிக்கு நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நிர்வாகி, கட்டட இன்ஜினியர், தலைமை நர்ஸ். இவருடைய நாற்காலி கொஞ்சம் தள்ளியே போடப்பட்டிருந்தது.

"கரண்ட் போயி, நோயாளியோட ஸ்ட்ரெச்சர் உள்ள இருக்கும்போது லிஃப்ட் ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் இன்ஜினியர்.

"முதல்ல உள்ள இருக்கறவங்ககிட்டப் பேசுவேன் சார். நான் வந்துட்டேன், பயப்படாதீங்கன்னு குரல் குடுக்கணும். அப்புறம் மிஷின் ரூம்ல மெயினை அணைக்கணும். பிரேக்கைக் கையால தளர்த்தி, சக்கரத்தை மெதுவாத் திருப்பிப் பக்கத்து மாடிக்குச் சமமாக் கொண்டுவந்து நிறுத்தணும். அதுக்கப்புறம்தான் கதவுச் சாவி. அவசரப்பட்டு முதல்லயே கதவைத் திறக்கறவன் மெக்கானிக்கே இல்ல."

இன்ஜினியர் நிர்வாகியைப் பார்த்துத் தலையாட்டினார். தலைமை நர்ஸ் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். ஆள் முடிவாகிவிட்டது என்று அந்த அறைக்கே தெரிந்த மாதிரி இருந்தது. இன்ஜினியர் உற்சாகமாக ஒரு வரைபடத்தை விரித்தார்.

"இப்படிக் கிட்ட வாங்க. இந்த நாலாவது லிஃப்ட்தான் அடிக்கடி மக்கர் பண்ணுது. பாத்துச் சொல்லுங்க."

அவர் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய், இன்ஜினியருக்கும் நர்ஸுக்கும் நடுவில் குனிந்தார். கதவுப் பக்கம் வயர் போகும் பாதையே தப்பு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆசையாக விளக்கினார். விரலை வைத்துக் காட்டிக் காட்டிப் பேசினார். இன்ஜினியர் நாற்காலியை ஒரு சாண் தள்ளிக்கொண்டார். தனக்கு இடம் கொடுக்கிறார் என்று நினைத்து இவர் இன்னும் கிட்டப் போனார். நர்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற சாக்கில் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நிர்வாகி எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். ஏசி ஓடிக்கொண்டிருந்தது.

"சரி, போதும். நாங்க சொல்லி அனுப்பறோம்" என்றார் நிர்வாகி, ஜன்னல் ஓரத்தில் நின்றபடியே. கேள்வித் தாளில் இன்னும் ரெண்டு பக்கம் பாக்கி இருந்ததை இவர் பார்த்தார்.

வெளியே வராந்தாவில் ஏணிமேல் நின்று குழல்விளக்கு மாற்றிக்கொண்டிருந்தவர் கீழே பார்த்துக் கூப்பிட்டார். "ஜன்னல் அண்ணே! நீங்களா?"

பழைய கம்பெனியில் கூட வேலை பார்த்த வயர்மேன். இவரைவிட நாலைந்து வயது சின்னவர். 'ஜன்னல்' என்பது அங்கே இவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர். வேனில் எப்போதும் ஜன்னல் சீட்டில் உட்காருவதால் வந்த பெயர் என்று இவர் நம்பிக்கொண்டிருந்தார். அதில் ஒரு சின்னப் பெருமைகூட உண்டு.

"எப்படிண்ணே போச்சு?"

"நல்லாத்தான் போச்சு. கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னேன். என்ன எழவோ, நடுவுல அந்த நிர்வாகி எந்திரிச்சுப் போயி ஜன்னலைத் திறக்கறாரு. ஏசி பாட்டுக்கு ஓடுது! வினோதமான மனுஷன்."

வயர்மேன் சிரித்துவிட்டார். "இங்கயுமா?" என்று வாய் தவறி வந்தும்விட்டது. உடனே சிரிப்பு நின்றது. ஏணியிலிருந்து மெதுவாக இறங்கினார்.

"இங்கயுமான்னா?"

"ஒண்ணுமில்லண்ணே. விடுங்க."

"சொல்லுய்யா. என்ன இங்கயுமா?"

வயர்மேன் கையிலிருந்த பழைய குழல்விளக்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "வேன்ல அந்த சீட்டை நீங்களாப் பிடிச்சீங்கன்னா நினைச்சீங்க? நாங்கதாண்ணே உங்களுக்கு விட்டுக்குடுத்தோம். வாய்ல... கொஞ்சம் வாடை வரும்ணே. ரொம்ப நாளா. ஜன்னல் பக்கம் உக்காந்தா காத்துல போயிடும்னு..."

அவர் உள்ளங்கையைக் குவித்து வாயருகே வைத்து ஊதி மோந்து பார்த்தார். சோப்பு வாசனைதான் வந்தது. அவர் மூக்குக்கு அவர் வாய் எப்போதோ பழகிப்போயிருந்தது.

"யாருக்கெல்லாம் தெரியும்?"

வயர்மேன் பழைய குழல்விளக்கைச் சுவரோரம் சாத்திவைத்தார். இவரே புரிந்துகொண்டு, வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்டினார்.

பஸ்ஸில் ஏறவில்லை. ஏறினால் யாராவது பக்கத்தில் உட்காருவார்கள். நாலு கிலோமீட்டரும் நடந்தார். நடக்க நடக்க ஒவ்வொன்றாக மேலே வந்தது. பக்கத்து அறையில் இருந்துகொண்டே போனில் பேசும் பழைய மேனேஜர். முடிவெட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரி போடும் சலூன்காரர். காலாண்டுப் பரீட்சைக் கணக்கைச் சொல்லிக்கொடுக்கிறேன் என்று உட்கார்ந்தால், "அம்மாகிட்டக் கேட்டுக்கறேம்பா" என்று நோட்டை எடுத்துக்கொண்டு ஓடும் மகள்.

ஒரு ஞாபகம் மட்டும் அவரை நடுரோட்டில் நிறுத்திவைத்தது. ஒரு தடவை அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் நடுவில் நின்றுபோய், ஒரு பெண் நாற்பது நிமிஷம் உள்ளே இருந்தாள். இவர்தான் கதவைத் திறந்து, குனிந்து, "வாங்கம்மா, ஒண்ணுமில்ல" என்று கையைக் கொடுத்தார். அவள் அவர் சட்டைமேலேயே வாந்தி எடுத்துவிட்டாள். பயத்தில் எடுத்துவிட்டாள் என்று அந்தக் கதையை எத்தனை வருஷம், எத்தனை பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பார்! கேட்டவர்களும் சிரித்தார்கள். அவர்கள் எதற்குச் சிரித்தார்கள் என்பது இன்றைக்குத்தான் விளங்கியது. காது மடல் வரை சூடேறியது. எதிரே வந்த யாரோ, "என்ன சார், உடம்பு முடியலையா?" என்று கேட்டதற்குக் கையை மட்டும் ஆட்டினார்.

இன்னொன்றும் வந்தது. அது அந்த வயர்மேனைப் பற்றியது. ஒரு கோடைக்காலத்தில் மிஷின் ரூமில் நாள் முழுக்க வெந்து வெளியே வந்த அவரை, பத்து பேர் முன்னால் நிறுத்தி, "ஏய்யா, நாலு ஆடு ஒண்ணா வந்த மாதிரி இருக்கு. குளிச்சிட்டு வேன்ல ஏறு" என்று இவர்தான் சொன்னார். வயர்மேன் அன்றைக்கு வேனில் ஏறவே இல்லை. திரும்ப ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே! கையில் அவ்வளவு பெரிய ஆயுதம் இருந்தும் அந்த மனுஷன் எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கதவோரமே நின்றார். கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். மனைவி அன்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து சமைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, என்னாச்சு? வேலை கிடைச்சிருச்சா?"

"உனக்குத் தெரியுமா?"

"என்னது?"

"என் வாய்."

அவள் அடுப்பை அணைத்தாள். வேறு பதிலே வேண்டியிருக்கவில்லை.

"எத்தன வருஷமா?"

"பொண்ணை ஒண்ணாவது சேர்த்த வருஷம்னு நினைக்கிறேன்." மகள் இப்போது பன்னிரண்டாவது.

"அத்தன வருஷத்துல ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு? கட்டினவதானே நீ?" கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் கிழிந்து வந்தது.

"சொன்னேங்க."

"எப்ப சொன்ன?"

"சாப்பிட்டுட்டு இருந்தீங்க. பல் டாக்டரை ஒரு தடவை பாத்துட்டு வாங்களேன், வாய் ஒரு மாதிரி இருக்குன்னேன். தட்டைத் தள்ளிட்டு எந்திரிச்சீங்க. 'உங்கப்பன் வீட்டுல எல்லாரும் பன்னீர்லதான் வாய் கொப்புளிச்சாங்களோ'ன்னு கேட்டீங்க. எங்கப்பா செத்து ரெண்டு மாசம்கூட ஆகல அப்ப." அவள் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "அப்புறம் ஒன்பது நாள் என்கூடப் பேசல. நான் எண்ணிக்கிட்டு இருந்தேன். அதோட நான் வாயை மூடிக்கிட்டேன்."

அவருக்கு ஏதோ ஒரு சண்டை என்பதுதான் நினைவில் இருந்தது. எதற்கு என்பது இல்லை. அந்த வாக்கியத்தைத் தான் சொல்லியிருக்க முடியாது என்று ஒரு கணம் தோன்றியது. அடுத்த கணம், தன்னைத் தவிர வேறு யாரும் அப்படிப் பேசமாட்டார்கள் என்றும் தெரிந்தது.

"அதனாலதான் தினமும் சட்டைப் பையில ஏலக்காய் போட்டு அனுப்பினியா?"

அவள் தலை குனிந்துகொண்டாள். அந்த ஏலக்காயைக் காட்டி, "பாருங்கடா, பொண்டாட்டின்னா இப்படி இருக்கணும்" என்று வேனில் அவர் பீற்றிக்கொண்டது அவளுக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. அன்றைக்கு ரெண்டு பேரும் சாப்பிடாமல் எழுந்தார்கள்.

ரெண்டாம் நாள் பல் டாக்டரிடம் போனார். போர்டைப் பார்த்துவிட்டு ரெண்டு தடவை கடந்து போய், மூன்றாவது தடவைதான் உள்ளே நுழைந்தார். டாக்டர் முப்பது வயதுப் பெண். வாயைத் திறக்கச் சொன்னபோது அவருக்குச் சட்டையைக் கழற்றச் சொன்ன மாதிரி இருந்தது.

"ஈறுல ரத்தம் வருமா?"

"வரும் மேடம். அழுத்தித் தேய்க்கறதால வருதுன்னு நினைச்சேன்."

"எத்தன வருஷமா?"

அவர் விரலால் பத்து என்று காட்டி, யோசித்து, இன்னும் ரெண்டு விரலைச் சேர்த்தார்.

கீழ்க்கடைவாயில் ரெண்டு பல் வேரோடு ஆடிக்கொண்டிருந்தது. ஈறுக்கு அடியில் கல் மாதிரி காரை படிந்து, அதற்கும் கீழே சீழ் கட்டியிருந்தது. டாக்டர் கண்ணாடியைப் பிடித்துக் காட்டினார். அவர் பார்த்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"இது ஈறு நோய். ரெண்டு வேளை தேய்ச்சாலும் பிரஷ் போகாத இடத்துல உக்காந்துக்கும். வலிக்காததால நிறைய பேருக்குத் தெரியறதில்ல. வீட்டுல யாரும் சொல்லலையா?"

"சொன்னாங்க மேடம். நான்தான் சொல்ல விடல."

ரெண்டு பல்லையும் பிடுங்கி, நாலு தடவையாகச் சுத்தம் செய்தார்கள். ஆறு வாரம் ஆனது. அதற்குள் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறு ஒருவரை எடுத்துக்கொண்டார்களாம். அவர், "ரொம்ப நன்றி மேடம்" என்று போனிலும் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னார். மகள் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள்.

நாலாவது தடவை சுத்தம் செய்த அன்று அவர் மகளைக் கூப்பிட்டார். மனைவியிடம் கேட்க மனம் வரவில்லை. அவள் நன்றாக இருக்கிறது என்றுதான் சொல்வாள்.

"கண்ணு, ஒரு உதவி. அப்பா ஊதறேன். உள்ளது உள்ளபடி சொல்லணும்."

மகளுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஐயோ அப்பா, போங்கப்பா!" என்றாள். பிறகு அவர் கண்ணைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரே உட்கார்ந்தாள். "ம். ஊதுங்க."

ஊதினார். அவள் பின்னால் போகவில்லை. நெற்றியைச் சுருக்கி, சமையலில் உப்பு பார்க்கிற மாதிரி யோசித்தாள்.

"கொஞ்சம் மருந்து வாசனை. அதுக்கு அடியில... ரொம்ப லேசா இன்னும் இருக்குப்பா. முன்ன மாதிரி இல்ல."

"முன்ன எப்படி இருந்துச்சு?"

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு அம்மாவை மட்டும் வரச் சொல்வேன்ல" என்றாள். அவளுக்கே அழுகை வந்துவிட்டது. அவர் அவள் தலையைத் தொடக் கையை நீட்டி, கிட்டப் போகக் கூசி, கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடுத்த நேர்காணல் ஒரு ஹோட்டலில். வாடை போய்விட்டது என்று டாக்டரே சொல்லியிருந்தார். மகளும் அன்று காலையில் மறுபடி ஊதச் சொல்லி, "துளிகூட வாடை இல்லப்பா, தைரியமாப் போங்க" என்றாள். ஆனால் அவருக்கு நம்பிக்கை வந்தால்தானே? ரெண்டு கிராம்பை வாயில் ஒதுக்கி, கைக்குட்டையை மூக்குவரை பிடித்துக்கொண்டு, கேட்ட கேள்விக்கெல்லாம் ஒற்றை வார்த்தையில் முணுமுணுத்தார்.

ஹோட்டல் மேனேஜர் அவரையே உற்றுப் பார்த்தார். "காலங்காத்தாலயே போட்டுட்டு வந்துட்டீங்களா?"

"சார்?"

"கிராம்பைப் போட்டு மறைச்சா தெரியாதா? எங்க ஹோட்டல்ல நாங்க பாக்காத குடிகாரனா?"

வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை அவர். சொல்லியிருக்கலாம். ஆனால் சொன்னால் ஏன் வாயைப் பொத்தினோம் என்றும் சொல்லவேண்டும். அதைவிடக் குடிகாரன் என்ற பெயரே தேவலை என்று தோன்றிவிட்டது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். ஹோட்டல் கழிவறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டு, வெகுநேரம் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

அந்த வாரம் வயர்மேனைப் பார்க்க ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தார். டீ குடித்துக்கொண்டே, சுற்றி வளைக்காமல் கேட்டார்.

"ஒரு நாள் உன்னைப் பத்து பேர் முன்னாடி ஆடுன்னு சொன்னேன். ஞாபகம் இருக்கா?"

"அதெல்லாம் எப்பவோ நடந்தது. மறந்தே போச்சுண்ணே."

"நாலு ஆடுன்னு சொன்னேன். அஞ்சு மாடிக் கட்டடம்."

"ஆறு மாடி" என்றார் வயர்மேன், யோசிக்காமல். சொன்ன பிறகுதான் மாட்டிக்கொண்டது தெரிந்து டம்ளருக்குள் பார்த்தார்.

"தப்பு என்னோடது. அன்னிக்கு நீ ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருந்தா நான் அப்பவே டாக்டர்கிட்டப் போயிருப்பேன்."

"போயிருக்க மாட்டீங்க. என்னை அடிச்சிருப்பீங்க" என்றார் வயர்மேன். அதுதான் உண்மை என்பதால் ரெண்டு பேருக்கும் லேசாகச் சிரிப்பு வந்தது. கிளம்பும்போது வயர்மேன்தான் அந்தத் தகவலைச் சொன்னார். ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலு லிஃப்ட்டுக்கு ஆள் தேடுகிறார்களாம். சூப்பர்வைசர் எல்லாம் இல்லை, மெக்கானிக் வேலைதான்.

குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற தபால் அதிகாரி, அறுபத்தைந்து வயது அம்மாள். அவர் வீட்டு முன்னறையிலேயே நேர்காணல். இவர் கதவோரம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, கையை வாய்க்கு நேரே வைத்துக்கொண்டு பதில் சொல்ல ஆரம்பித்தார்.

"என்ன சொல்றீங்க? ஒண்ணும் கேக்கல. இங்க வந்து உக்காருங்க."

ஒரு நாற்காலி முன்னேறினார்.

"இன்னும் கிட்ட. எனக்கு இந்தக் காது சுத்தமாக் கேக்காது. அந்தக் காது அரைகுறை. உதட்டைப் பாத்தாதான் புரியும். முதல்ல கையை எடுங்க."

அவருக்கு வேர்த்துவிட்டது. கையை எடுத்தார். அம்மாளின் முகம் ஒரு முழத் தூரத்தில், அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஓடிப்போகலாமா என்றிருந்தது.

"ம், பேசுங்க. கரண்ட் போயி லிஃப்ட் நின்னா என்ன பண்ணுவீங்க?"

அவர் பேசினார். முதல் வாக்கியம் பூராவும் அந்த அம்மாளின் மூக்கையே கவனித்தார். அது சுருங்கவில்லை. ரெண்டாவது வாக்கியத்திலும் சுருங்கவில்லை. பிரேக்கைத் தளர்த்தி சக்கரத்தைத் திருப்பும் இடத்துக்கு வந்தபோது கையும் தானாகச் சேர்ந்து பேச ஆரம்பித்துவிட்டது.

"திங்கக்கிழமை வந்துடுங்க" என்றார் அம்மாள். "தெளிவாப் பேசறீங்களே, பின்ன எதுக்கு வாயை மூடிக்கிட்டு வந்தீங்க?"

"பழக்கம்மா" என்றார் அவர்.

வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பல் டாக்டரிடம் தவறாமல் போகிறார். மகளின் கடைசிப் பேரன்ட்ஸ் மீட்டிங்குக்கு மனைவியோடு போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தார். டீச்சர் கேட்டதற்கு மனைவியே பதில் சொன்னாள். அவளிடம் அந்த ஒன்பது நாளைப் பற்றி ஒருமுறை பேச்செடுத்தார். "எந்த முகத்தை வெச்சுக்கிட்டு உன்கிட்ட..." என்று தொடங்கினார். "அதையே பேசாதீங்க. போங்க, பல்லைத் தேய்ங்க" என்று துணியை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டாள்.

லிஃப்ட்டுக்குள் யாராவது ஏறினால் அவர் இப்போதும் மூலைக்குப் போய், முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். எதிரே நின்று பேச வேண்டிவந்தால், முதலில் அரை அடி பின்னால் போய்விட்டுத்தான் வாயைத் திறக்கிறார். எத்தனை மரியாதையான ஆள் என்று அந்தக் குடியிருப்பில் அவருக்கு நல்ல பெயர்.